மனச்சிதைவும் மறதியும்: வாசகர் கேள்வி-பதில்

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள மகனுக்கு 27 வயது. காலையில் சொன்னது மதியம் நினைவில்லை. டிமென்ஷியாவா? (சாட்ஸ்வொர்த்)

இல்லை. இந்த மறதி நோயோடு பிறந்தது. பலருக்கு, இல்லாத குரல்கள் கேட்பதற்கு முன்பே தலைகாட்டும். கேட்டதைப் பதியவைப்பதில்தான் சிக்கல். "ரொட்டி, பால், கரண்ட் டோக்கன், அப்படியே அத்தை வீடு" என்று அடுக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லி, அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டுக்கு மேல் என்றால் சீட்டில் எழுதிக் கொடுங்கள். சோம்பேறி என்று ஏசவே கூடாது.

தம்பி ஒரு வெள்ளை மாத்திரை சாப்பிடுகிறான். அதனால் மறதி வருமா? (ஃபீனிக்ஸ்)

எந்த வெள்ளை மாத்திரை? பெயர், மில்லிகிராம், நாளைக்கு எத்தனை, எத்தனை வருடமாக: நான்கையும் எழுதுங்கள். எத்தனை முறை கேட்பது!

அண்ணனுக்கு ஹாலோபெரிடாலோடு ஆர்ஃபெனட்ரின் 50 மி.கி., தினம் மூன்று, எட்டு வருடமாக. வாய் உலர்கிறது, மலச்சிக்கல், மறதி அதிகம். (டோங்காட்)

கடிதம் என்றால் இப்படி இருக்க வேண்டும். ஆர்ஃபெனட்ரின் நோய்க்கான மருந்தல்ல; ஹாலோபெரிடால் தரும் விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் கொடுப்பது. அது அசிட்டைல்கோலின் என்ற, நரம்புகள் செய்தி கடத்தும் இரசாயனத்தைத் தடுக்கிறது. வாய் உலர்வது அதனால்தான்; புதிதாக எதையும் மனத்தில் பதிக்க மூளைக்கு வேண்டியதும் அதே அசிட்டைல்கோலின்தான். மூன்று மாதம் போல ஆனதும் இது இன்னும் தேவையா என்று பார்க்க வேண்டும், பலருக்குத் தேவைப்படாது. ஆனால் டாக்டர் மாறுகிறார், பழைய மருந்துச் சீட்டு அப்படியே தொடர்கிறது, வருடங்கள் ஓடுகின்றன. பழியை நோயின் மேல் போட்டுவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின், சளிக்குக் குளோர்ஃபெனிரமின் என்று சேர்ந்தால் அசிட்டைல்கோலினைத் தடுக்கும் சுமை இன்னும் ஏறும். கடையில் வாங்கியது உட்பட எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய், "இது இன்னும் தேவையா?" என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்: குமட்டல், தூக்கமின்மை வரலாம், பழைய விறைப்பும் திரும்பலாம். டாக்டர் சில வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார். விறைப்பு திரும்பினால் ஹாலோபெரிடாலைக் குறைக்கலாம், அல்லது வேறு மருந்துக்கு மாற்றலாம்.

டக்கா (கஞ்சா) இப்போது குற்றமில்லையே? (டர்பன்)

தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு, பெரியவர்கள் தனியிடத்தில் பயன்படுத்துவதைப் பற்றியது. இந்த நோய் உள்ளவருக்கு அது நினைவையும் கெடுக்கும், நோயையும் கிளப்பும். வேண்டாம்.

புரட்டாசி விரதத்தில் மூன்று நாள் குளோசபின் (மனச்சிதைவு மாத்திரை) சாப்பிட மறந்துவிட்டார். இன்று வழக்கமான அளவு கொடுக்கலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கொடுக்காதீர்கள். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டால் 12.5 மி.கி.யிலிருந்து அளவை மறுபடி படிப்படியாக ஏற்ற வேண்டும். முழு அளவு ஒரேயடியாகப் போனால் இரத்த அழுத்தம் விழுந்து மயங்கலாம். இன்றே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். மாத்திரை விரதத்தை முறிக்காது. ஏழு நாள் மாத்திரைப் பெட்டியை விளக்கேற்றும் இடத்தருகே வையுங்கள். விளக்கு ஏற்றியதும் மாத்திரை.