பள்ளிச் செய்தி வீடு சேர்வதில்லையே!

கேள்வி: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள ஆண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உதவித் தலைமையாசிரியராக இருக்கிறேன். வகுப்புக்கொரு வாட்ஸ்அப் குழு, பிராட்காஸ்ட் பட்டியல் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் வாட்ஸ்அப் வசதி), குறுஞ்செய்தி, டைரிக் குறிப்பு என்று எல்லாம் வைத்திருக்கிறோம். ஆனாலும் கூட்டத்துக்குக் கூட்டம், “பள்ளியில் என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை, பையனும் வாயைத் திறப்பதில்லை” என்கிறார்கள் பெற்றோர். இன்னும் எதைத்தான் அனுப்புவது?

பதில்: புதிதாக எதையும் சேர்க்காதீர்கள் ஐயா. இருப்பதைப் பிரியுங்கள். சீருடை நினைவூட்டல், தேர்வுத் தேதி மாற்றம், கால்பந்து வெற்றி எல்லாம் ஒரே குழுவில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போது, வேலைக்கு நடுவே பார்க்கும் பெற்றோருக்கு எதுவும் மனதில் நிற்காது. தேதியும் அறிவிப்பும் ஒரு வழி, பள்ளி வாழ்க்கை பற்றிய வாரக் கடிதம் ஒரு வழி, தனி மாணவனைப் பற்றியது வேறொரு வழி. இவை கலக்கவே கூடாது.

முதலில் கருவியைச் சரிபாருங்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள். அதைவிட முக்கியம், உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். “அனுப்பினோமே”, “வரவில்லையே” என்ற வழக்குகளில் பல இங்கேதான் பிறக்கின்றன. சேர்க்கையின்போதே பள்ளி எண்ணைப் பெற்றோரின் கைபேசியில் சேமிக்கச் செய்து, ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பதில் வாங்குங்கள். குழுவாக வைத்திருந்தால் அட்மின் மட்டும் எழுதும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் நாற்பது ‘நன்றி’களுக்கு அடியில் தேர்வுத் தேதி புதைந்துபோகும்.

குறுஞ்செய்தியில் இன்னொரு சிக்கல். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம் உண்டு. தமிழில் 70தான். அதிலும் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும். ‘பெற்றோர்’ என்ற நான்கெழுத்துச் சொல்லுக்கு எட்டு இடம் போய்விடும். 70ஐத் தாண்டினால் செய்தி 67, 67ஆக உடைந்து, அத்தனைக்கும் கட்டணம் விழும். ஆகவே ‘மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு’ என்று தொடங்காமல், நாளையும் நேரத்தையும் முதலில் வையுங்கள்: “வெள்ளி 12, பள்ளி 1 மணிக்கு முடியும்.” சுற்றறிக்கையைப் படம் பிடித்து அனுப்பும் பழக்கத்தையும் விடுங்கள். படத்துக்குள் இருக்கும் தேதியைப் பிறகு தேடி எடுக்க முடியாது. செய்தியை எழுத்தாகவே அனுப்பினால் தேடலாம், பாட்டிக்கு அப்படியே முன்னனுப்பலாம். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளுக்கு அதையே ஒரு நிமிடத்துக்கு மிகாத குரல்பதிவாக அனுப்புங்கள். தேதி மாறினால் பழையதைச் சத்தமில்லாமல் திருத்தக் கூடாது. ‘மாற்றம்’ என்று முதல் சொல்லாகப் போட்டு, பழைய தேதி, புதிய தேதி இரண்டையும் சொல்லுங்கள்.

இனி வாரக் கடிதம். உங்கள் பெற்றோரின் ஏக்கம் தீரும் இடம் இதுதான். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், கைபேசித் திரையை விரலால் இரண்டு முறை தள்ளுவதற்குள் முடியவேண்டும். வரும் இரண்டு வாரத் தேதிகளோடு தொடங்குங்கள். அடுத்து வகுப்பறையிலிருந்து ஒரே ஒரு விஷயம். ஆனால் அது குறிப்பானதாக இருக்கவேண்டும். “எட்டாம் வகுப்பில் அறிவியல் சிறப்பாக நடைபெற்றது” என்பதால் யாருக்கும் பயனில்லை. “எட்டாம் வகுப்பில் எலுமிச்சையில் செம்பும் துத்தநாகமும் செருகி மின்னழுத்தம் அளந்தார்கள். எத்தனை பழம் சேர்த்தபோது விளக்கு எரிந்ததென்று கேளுங்கள்” என்று எழுதினால், அன்றிரவு வீட்டில் ஒரு பேச்சு நடக்கும். “இன்று என்ன நடந்தது?” என்ற கேள்விக்குப் பதின்வயதுப் பையன் “ஒன்றுமில்லை” என்றுதான் சொல்வான். குறிப்பான கேள்விக்குப் பதில் சொல்ல அவனுக்கும் எளிது. பெற்றோர் கையில் அப்படியொரு கேள்வியைக் கொடுப்பதுதான் கடிதத்தின் வேலை. பரிசு வாங்கியவர்கள் மட்டுமே அதில் வந்தால், மற்ற வீடுகள் மெல்லப் படிப்பதை நிறுத்திவிடும். நூலகத்தை ஒழுங்குபடுத்தியவன், முதல்முறை மேடையேறியவன் எல்லோரும் முறைவைத்து வரட்டும். மாணவர்களே எழுதி ஆசிரியர் திருத்தினால் இன்னும் நல்லது. படம் போடுமுன் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் பையனின் சம்மதமும் வேண்டும்.

தனி மாணவனின் மதிப்பெண், ஒழுங்குச் சிக்கல், உடல்நலம் ஆகியவை குழுவில் ஒருபோதும் வரக் கூடாது. தொலைபேசிதான் சரி. வராதவன் பற்றி முதல் பாடவேளை முடியுமுன் வீட்டுக்குத் தகவல் போகட்டும். வகுப்பாசிரியரின் முதல் அழைப்பு நல்ல செய்தியாக இருந்தால், பின்னால் கசப்பானதைச் சொல்லும்போது வீடு காதுகொடுக்கும். மேல்வகுப்பு மாணவன் என்றால், வீட்டில் என்ன சொல்லப்போகிறோம் என்பதை முதலில் அவனிடமே சொல்லிவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் பேசினால், அவன் வாய் இன்னும் இறுகிப்போகும். அவனுக்குப் பாதுகாப்பில்லை என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் இது பொருந்தாது. பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால், சட்டத் தடை இல்லாதவரை, இருவருக்கும் தகவல் தனித்தனியே போகவேண்டும்.

சண்டையோ விபத்தோ நடந்தால் மாணவர்களின் சொந்தக் குழுக்கள் உங்களை முந்திவிடும். அதனால் முழு விவரத்துக்காகக் காத்திருக்காமல் மூன்று வரி அனுப்புங்கள்: என்ன நடந்தது, மாணவர்கள் எப்படி இருக்கிறார்கள், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. பெயர் வேண்டாம். காயம்பட்டவனின் வீட்டாரிடம் மட்டும் அதற்கு முன்பே நேரடியாகப் பேசியிருக்கவேண்டும். சொன்ன மணிக்குப் புதிதாக ஏதும் தெரியாவிட்டாலும், “இன்னும் விசாரிக்கிறோம்” என்றாவது அனுப்புங்கள். இந்த மூன்று வரியின் மாதிரியை இப்போதே எழுதி, உங்களிடமும் அலுவலகத்திலும் ஒவ்வொரு படி வைத்துக்கொள்ளுங்கள்.