கொக்கியை மாட்டு, எண்ணைச் சொல்!

கேள்வி: என் பையன் பெங்களூருவில் பாராசூட் ரெஜிமென்ட் பயிற்சியில் இருக்கிறான். போன் பண்ணினால் வீட்டைப் பற்றி ரெண்டு வார்த்தை, மீதியெல்லாம் கூட இருக்கிற பையன்கள் கதைதான். அதற்குள் இப்படி ஒட்டிக்கொள்வார்களா?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: ஒட்டிக்கொள்ளத்தான் வைக்கிறார்கள் அம்மா, பயிற்சியே அப்படி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் 506-வது பாராசூட் ரெஜிமென்ட்டை ஜார்ஜியாவில் டொக்கோவா என்ற முகாமில் பழக்கினார்கள். பக்கத்திலேயே குர்ராஹி மலை, ஏற மூன்று மைல், இறங்க மூன்று மைல், அதில் ஓட்டமோ ஓட்டம், தாக்குப்பிடிக்காதவனை வேறு படைக்கு அனுப்பிவிடுவார்கள். 1942 டிசம்பரில் அதில் ஒரு பட்டாலியனை அட்லாண்டாவுக்கு நடத்தியே கூட்டிப்போனார்கள், சுமார் 190 கிலோமீட்டர். தர்மபுரியிலிருந்து பெங்களூரு போய் மறுபடி ஓசூர் வரை திரும்பினாலும் அவ்வளவு வராது. கூட நடந்தவன் துப்பாக்கியையும் சேர்த்துச் சுமந்தவனை யார் மறப்பார்கள்?

அதைவிட முக்கியம், விமானத்துக்குள் நடப்பது. எழுந்து நின்று, தலைக்கு மேலே நீளமாக ஓடுகிற கம்பியில் ஆளாளுக்குத் தன் பாராசூட் கயிற்றின் கொக்கியை மாட்டுவார்கள். முதுகில் கட்டியிருக்கிற மூட்டையை அவனவனால் பார்க்க முடியாதே! அதனால் பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனுடையதைத் தடவிப் பார்த்து, கடைசி ஆளில் ஆரம்பித்து ஒவ்வொருவராகத் தன் வரிசை எண்ணைச் சொல்லி 'பதினாறு ஓகே, பதினைந்து ஓகே' என்று கத்திக்கொண்டே வருவார்கள். உங்கள் பையன் கதை கதையாகச் சொல்கிற அந்தப் பையன்களில் ஒருவன்தான் நாளைக்கு அவன் முதுகைத் தடவிப் பார்க்கப்போகிறவன். பேசட்டும், விடுங்கள்.

கேள்வி: ராணுவ பிசிக்கலுக்காக தினமும் விடியலில் 1600 மீட்டர் ஓடுகிறேன். பாராவுக்கு, அதாவது பாராசூட் ரெஜிமென்ட்டுக்குப் போக ஆசை. கதவில் நிற்கும்போது பயம் வராதா?
- ஒரு வாசகர், அரூர்

பதில்: வரும் தம்பி. ஆனால் யோசிக்க நேரம் தரமாட்டார்கள், பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டு நிற்கும். பாராவுக்கு விருப்பம் சொல்லி வருகிறவர்களைத்தான் எடுக்கிறார்கள், அதிலும் புரொபேஷன் என்கிற சோதனைக் காலத்தில் பலர் கழிந்துவிடுவார்கள். அப்புறம் ஆக்ராவில் குதிக்கும் பயிற்சி, ஐந்து முறை குதித்தால்தான் நெஞ்சில் இறக்கைச் சின்னம், அந்த ஐந்தில் ஒன்று இரவில். அதற்கு முன் தரையிலேயே நாள் கணக்கில் விழப் பழக்குவார்கள்: இரண்டு காலையும் ஒட்டவைத்து, பாதம், கெண்டைக்கால், தொடை என்று பக்கவாட்டில் உருள வேண்டும். ஓட்டத்தோடு முழங்காலையும் கவனித்துக்கொள்.

கேள்வி: இவ்வளவு பழகிவிட்டு, குதித்ததும் ஆளுக்கொரு மூலையில் விழுந்தால்?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: விழுந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6, பிரான்சின் நார்மண்டி: மேகமும் கீழிருந்து வந்த குண்டுமழையும் சேர்ந்து விமானங்களைக் கலைத்துவிட்டன, பலர் மைல் கணக்கில் தள்ளிப் போய் விழுந்தார்கள். அமெரிக்காவின் 101-வது டிவிஷன்காரர்கள் கையில் 'டிக் டிக்' என்று சத்தம் போடுகிற சின்னத் தகர பொம்மை இருந்தது. இருட்டில் ஒரு தரம் அழுத்தினால், நம் ஆளாக இருந்தால் இரண்டு தரம் பதில் வரும். அதுவரை முகமே பார்க்காதவர்கள்கூட நாலைந்து பேராகச் சேர்ந்து அன்றைக்கே சண்டை போட்டார்கள். நம் 2 பாரா பட்டாலியன் 1971 வங்கதேசப் போரில், டிசம்பர் 11 அன்று டாக்காவுக்கு வடக்கே டாங்கைலில் குதித்தபோதும் எல்லாம் ஒரே இடத்தில் விழவில்லை. ஆனாலும் பூங்லி பாலத்தைப் பிடித்தார்கள், 16-ம் தேதி டாக்காவுக்குள் முதலில் நுழைந்தவர்களில் அவர்களும் உண்டு. சிதறிக் கிடந்த சாமான்களைத் தூக்கிக் கொடுக்க ஊர் ஜனங்களே ஓடிவந்தார்கள்.