சங்கு யாருடைய சொல்?

கேள்வி: ஆங்கிலத்தில் ‘கான்ச்’ என்பது நம் ‘சங்கு’ கப்பலேறிப் போனதால் வந்த சொல் என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். பெருமையாக இருந்தது. உண்மைதானே? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: பெருமையைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். ‘கான்ச்’ லத்தீன் ‘கொங்கா’விலிருந்து வந்தது, அதற்கும் முன்னால் கிரேக்கம். அந்தக் கிரேக்கச் சொல்லும் சமஸ்கிருத ‘சங்க’வும் உடன்பிறப்புகள் என்பது மொழியியலாரின் பொதுவான கணிப்பு. நம் ‘சங்கு’ அந்தச் சமஸ்கிருத வழியில் வந்து சேர்ந்தது. ஆக, நாம் கொடுத்ததாகச் சொல்லப்படுவது நாம் வாங்கியது.

சொந்தச் சரக்கு நம்மிடம் இல்லாமலா? வளை, கோடு, நந்து எல்லாம் சங்கைக் குறித்த சொற்கள்தான். வளைந்திருப்பதால் வளை, கோடுதல் என்றாலும் வளைதல், அதனால் கோடு. சங்கை அறுத்துக் கைக்கு அணி செய்தார்கள். அகநானூற்றின் 24ஆம் பாட்டில், வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் அரத்தால் வளையை அறுத்தெடுக்க, மிஞ்சிய நுனியைப் போலப் பகன்றை என்னும் கொடியின் மொட்டு இருக்கிறது. (பார்ப்பான் ஏன் சங்கறுத்தான் என்று தனிச் சண்டை போடலாம், இன்று வேண்டாம்.) நாளடைவில் வளை என்றால் கையில் கிடப்பது மட்டும் என்றாகிவிட்டது. இன்றைய வளையல் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, பெயர் மட்டும் கடலிலிருந்து வந்தது. இதை ஏன் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை?

வாங்கிய சொல்லையும் நாம் சும்மா வைத்திருக்கவில்லை. குழந்தைக்குப் பால் புகட்டுவது எவர்சில்வரில் இருந்தாலும் சங்குதான். மில்லில் ஷிப்டுக்கு அலறும் சைரனும் சங்கு. ‘சங்கை அறுத்துடுவேன்’ என்று மிரட்டினால் அது தொண்டை. ‘அவனுக்குச் சங்குதான்’ என்றால் கதை முடிந்தது என்று பொருள்; சாவு வீட்டில் ஊதுவதால் வந்தது. நீல நிறத்தில் வேலியோரம் பூத்தால் சங்குப்பூ. இத்தனை வேலை வாங்கிய பிறகு அதை வெளியாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இல்லை, பழந்தமிழ்ச் சொல்லைத்தான் புழங்குவேன் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ‘கோயிலில் வளை ஊதினார்கள்’ என்று பக்கத்து வீட்டில் சொல்லிப் பாருங்கள். வளையலை எதற்கு ஊதினார்கள் என்று கேட்பார்கள். விளக்கிச் சொல்ல நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.