வீட்டிலேயே கானா பாட்டு பதிவு செய்ய எந்த மென்பொருள் நல்லது?

குரல், டோலக், கீபோர்டு என ஒவ்வொன்றையும் தனித் தடத்தில் பதிந்து, பிறகு ஒன்றாகக் கலக்க உதவுவதுதான் ஒலிப்பதிவு மென்பொருள். ஏன் தனித்தனி? காசிமேட்டில் வஞ்சிரம் ஒரு கூடை, இறால் ஒரு கூடை என்று இருக்கும்வரை கெட்டதை மட்டும் மாற்றலாம். குழம்பில் விழுந்த பிறகு முடியாது. வியாசர்பாடி வீட்டில் நான் பாடும்போது தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி பாடினேன்; டோலக்கைத் தொடவே இல்லை.

சும்மா பழக ஆடாசிட்டி போதும், இலவசம். மேக் இருந்தால் கராஜ்பேண்ட். விண்டோஸில் தொடர்ந்து பாட்டு செய்வதாக இருந்தால் ரீப்பரைத்தான் சொல்வேன்: 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், பழைய கணினியிலும் திணறாது.

அப்புறம், மென்பொருளின் விலை கூடினால் குரலும் தெளிவாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தெளிவு மைக்கிலும் அறையிலும்தான் இருக்கிறது.