எம்.ஐ.ஏ.வின் 'பார்ன் ஃப்ரீ' வீடியோவை யூடியூப் ஏன் நீக்கியது?

சுருக்கமாகச் சொன்னால், வன்முறைக்காகத்தான். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் பிரிட்டிஷ் தமிழ்ப் பாடகி மாயா அருள்பிரகாசத்தின் பாட்டுக்கு 2010 ஏப்ரலில் வெளியான, சுமார் ஒன்பது நிமிட வீடியோ அது. இயக்கியவர் ரொமான் கவ்ராஸ். சீருடையில் அமெரிக்கக் கொடி தைத்த ஆயுதப்படை ஒரு கட்டடத்துக்குள் புகுந்து, செம்பட்டை முடிக்காரர்களை மட்டும் தேடிப் பிடித்து, பேருந்தில் ஏற்றிப் பாலைவனத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே ஒரு சிறுவனின் தலையில் சுடுகிறார்கள். மற்றவர்களைக் கண்ணிவெடி நிலத்தில் ஓட விடுகிறார்கள். அமெரிக்காவில் யூடியூப் இதை எடுத்துவிட்டது. வயதுக் கட்டுப்பாடும் போட்டது.

ஏன் செம்பட்டை முடி? அடையாளம் எது என்பது முக்கியமில்லை, கொல்வதற்கு ஏதோ ஒன்று போதும் என்று காட்டத்தான் என்பது என் வாசிப்பு. யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போரினால் லண்டனுக்குப் போன மாயா அருள்பிரகாசத்துக்கு இது கற்பனை விஷயம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணும் கையும் கட்டப்பட்ட தமிழர்களைச் சுட்டுக் கொல்லும் காட்சியை 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பியது. இலங்கை அரசு அதைப் போலி என்றது. 2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், நிபுணர்களின் ஆய்வுப்படி அது உண்மையானதாகவே தெரிகிறது என்றார். அப்புறம் சில மாதங்களில் வந்ததுதான் இந்தப் பாட்டு. நடிகர்கள் செத்து விழுவதைப் பார்த்துப் பதறியவர்களில் எத்தனை பேர் அந்த நிஜக் காட்சிக்காகக் குரல் கொடுத்தார்கள்? வீடியோ அளவுக்கு மீறிய கொடூரம் என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் அதை வெறும் விளம்பர உத்தி என்று சிலர் தள்ளியதை என்னால் ஏற்க முடியவில்லை.