‘ஏற்றுக்கொள்’ என்றால் பொறுத்துப்போ என்று அர்த்தமா?

கேள்வி: மகன் பிளஸ் டூ, நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளி. இரண்டு மாதமாகத் தேர்வு என்றாலே கை நடுங்குகிறது. லீவுக்கு வந்தவன் திரும்பிப் போக மறுக்கிறான். ஈரோட்டில் ஓர் ஆலோசகர் ‘ஆக்ட்’ என்ற சிகிச்சை கொடுக்கலாம், பயத்தை ஏற்றுக்கொள்ளப் பழக்குவோம் என்கிறார். பயத்தை ஏற்றுக்கொண்டால் பையன் எப்படிப் படிப்பான்? பத்து சிட்டிங்குக்கு முன்பணமும் கேட்கிறார்.
ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

அம்மா, அந்தச் சொல்தான் உங்களைக் குழப்புகிறது. பயம் போன பிறகுதான் புத்தகத்தைத் தொடுவேன் என்று காத்திருக்காதே, அது பாட்டுக்கு இருக்கட்டும், நீ உன் வேலையைப் பார் என்பதுதான் இங்கே ஏற்றுக்கொள்வது. ஆக்ட் (Acceptance and Commitment Therapy) என்பது அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் 1980களில் உருவாக்கிய பேச்சு சிகிச்சை முறை. வளரிளம் பிள்ளைகளுக்கு, நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் வழக்கமான சி.பி.டி. சிகிச்சை அளவுக்குப் பலன் தருகிறது. அதற்கு மேல் யாராவது அளந்தால் நம்பாதீர்கள்.

போன வருடம் இதே வயதில் ஒரு தம்பி வந்தான். உள்ளங்கை வேர்வையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே, “நான் தேற மாட்டேனுங்க” என்றான். தேறிடுவே கண்ணு என்று வீட்டில் எல்லாரும் சொல்லி ஓய்ந்திருந்தார்கள். அதனால் நான் அதைச் சொல்லவில்லை. அதே பேச்சோடு கொஞ்சம் சேர்த்துச் சொல்லச் சொன்னேன்: “நான் தேற மாட்டேன்னு ஒரு நெனப்பு வருதுங்க.” நாலைந்து தடவை சொன்னதும் தோள் கொஞ்சம் இறங்கியது. நம் பேச்சில் அந்த ஒரு ‘னு’ போதும், தீர்ப்பு மாதிரி இருந்தது வெறும் நினைப்பாகிவிடும். அப்புறம், உனக்கு எது முக்கியம் என்று கேட்டேன். மார்க்கைச் சொல்லவில்லை. சினை மாடு ஒன்று கண்முன்னால் செத்ததைச் சொன்னான், மாட்டு டாக்டராக வேண்டும் என்றான். சரி, அதற்காக இன்றைக்கு நடுக்கத்தோடேயே இருபது நிமிடம் உயிரியல். சிகிச்சையின் மறுபாதி இதுதான். வீட்டில் நீங்கள் “பயப்படாதே சாமி” என்று சொல்வதை நிறுத்தினாலே பாதி உதவி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஏற்றுக்கொள்ளச் சொல்வது மனதுக்குள் வரும் பயத்தையும் வெட்கத்தையும்தான். ஹாஸ்டலில் அடி விழுகிறதா, சீனியர் யாராவது தொந்தரவு செய்கிறார்களா, வார்டன் எல்லார் முன்னாலும் மார்க்கைச் சொல்லி அவமானப்படுத்துகிறாரா? இதில் எதையும் பையன் ஏற்றுக்கொள்ளக் கூடாது, ஏற்றுக்கொள்ளச் சொல்பவர் சிகிச்சையாளரே இல்லை. அதனால் ஆலோசகரிடம் போகும் முன்னே, அப்பா இல்லாத நேரத்தில், தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய் ஏன் போக மாட்டேன் என்கிறான் என்று கேளுங்கள். நடுவில் பேசாதீர்கள். அப்படி ஏதாவது நடந்திருந்தால் பள்ளியை மாற்றுங்கள். கட்டிய ஃபீஸ் போனால் போகட்டும். குழந்தைகள் உதவி எண் 1098 அதற்குத்தான் இருக்கிறது.

முன்பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அன்றைக்கு உள்ளதைக் கொடுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைத்திருந்தால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். விரல்ரேகை பார்த்து மூளைத்திறன் சொல்கிறோம், மூன்று நாள் முகாமில் ஹிப்னாடிசத்தால் தேர்வு பயத்தை எடுக்கிறோம் என்று பெற்றோர் கூட்டத்துக்கே ஆட்கள் வருகிறார்கள். ரேகைக்கும் மூளைத்திறனுக்கும் சம்பந்தம் இருப்பதாக அறிவியல் சொல்லவில்லை. மாடு விற்ற காசைக் கொண்டுபோய் அங்கே கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது.

மாவட்ட மனநலத் திட்டத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள், முதலில் அங்கே காட்டுங்கள். கூட்டத்தில் உங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. இத்தனை ஆயிரம் பிள்ளைகளை ஹாஸ்டலில் அடைத்துப் படிக்கவைக்கிற ஊர்ப்பக்கம், அவர்கள் பேச ஒரு நாற்காலி போட ஆளில்லை என்பதை எத்தனை வருடமாகச் சொல்வது!

பையன் எப்போதாவது செத்துவிடலாம் என்ற மாதிரி பேசினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவிலும் தமிழில் பேசுவார்கள். அவனைத் தனியாக விடாமல் கூடவே இருங்கள்.