குட்டிக் குட்டிப் பாடல்களை வெறிவேகத்தில் கத்திப் பாடும் ஹார்ட்கோர் பங்க் குழு ஒன்று, கனத்த கிட்டார் ஒலியோடு வேகமாகப் பாயும் திராஷ் மெட்டல் பக்கம் போனால் அது வளர்ச்சியா, சரிவா?

என்னைக் கேட்டால் வளர்ச்சிதான். பொதுவாகப் பேசினால் வாதம் வளர்ந்துகொண்டே போகும் என்பதால், நான் இருபது ஆண்டுகளாகக் கேட்டுவரும் ஒரே குழுவை வைத்துச் சொல்கிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரில் 1982-இல் தொடங்கிய டி.ஆர்.ஐ.

பாடகர் கர்ட் பிரெக்ட், டிரம்ஸ் வாசித்த அவருடைய தம்பி எரிக், கிட்டார் வாசித்த ஸ்பைக் காசிடி, பேஸ் வாசித்த டென்னிஸ் ஜான்சன் என நான்கு பேர். பிரெக்ட் வீட்டில்தான் ஒத்திகை. இரைச்சல் தாங்காமல் அறைக்குள் வந்த தந்தை, ‘அழுக்குப் பிடித்த உருப்படாத முட்டாள்களே’ என்ற பொருளில் மூன்று ஆங்கிலச் சொற்களால் திட்டிவிட்டுப் போனார். அந்த மூன்று சொற்களின் முதலெழுத்துகளே குழுவின் பெயராயின. கையும் காலும் வீசி ஓடுவதுபோல் இருக்கும் அவர்களுடைய சின்னம், எரிக் பள்ளி ஓவியப் பாடத்துக்காக வரைந்தது.

முதல் இசைத்தட்டு ஏழு அங்குலம்தான். அதில் 22 பாடல்கள்! மொத்தமாக இருபது நிமிடம்கூட ஓடாது. அவ்வளவு சிறிய தட்டில் இவ்வளவு பாடல்களை அடைக்க வேண்டுமானால் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலி மெலிந்துவிடும். பிறகு அதே பாடல்களைப் பன்னிரண்டு அங்குலத் தட்டில் மறுபடி வெளியிட்டார்கள். நான் முதலில் கேட்டது இந்தப் பாடல்களைத்தான். எது எங்கே முடிந்தது, அடுத்தது எப்போது தொடங்கியது என்று பிடிபடவே எனக்கு மூன்று நாள் ஆனது. பணம், போர், கட்டாய ராணுவச் சேவை, அன்றைய அமெரிக்க அதிபர் ரீகனின் பொருளாதாரக் கொள்கை என ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில் சாடிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார் கர்ட். அவர் ராகம் போட்டுப் பாடுவதில்லை. சொற்களை மென்று விழுங்காமல் ஒவ்வொன்றாக வேகமாக எறிவார். கொஞ்சம் பழகிவிட்டால் ஒரு சொல்கூடத் தப்பாது.

1983-இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். குடிபெயர்ந்தார்கள் என்று சொல்வதற்கு அங்கே வீடு இல்லை. வேனிலேயே படுத்து, ஏழைகளுக்கு இலவசமாகச் சூப் ஊற்றும் இடங்களில் சாப்பிட்டு, கச்சேரிக்குக் கச்சேரி நகர்ந்தார்கள். டெட் கென்னடிஸ் குழுவோடு ரீகனுக்கு எதிரான இசைப் பயணத்திலும் கலந்துகொண்டார்கள். காசுக்காகத் தடம் மாறிய குழு என்று இவர்களைத் திட்டுபவர்கள் இந்த ஆண்டுகளை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவர்கள் போய்ச் சேர்ந்த ஊரும் முக்கியம். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிதான் அப்போது திராஷ் மெட்டலின் உலை. மெட்டாலிகாவும் எக்ஸோடஸும் அங்கேதான் கொதித்துக்கொண்டிருந்தன. முடியை ஒட்ட வெட்டிய பங்க் ரசிகர்களும் தோள்வரை வளர்த்த மெட்டல் ரசிகர்களும் ஒரே அரங்கில் கலந்தால் அடிதடி நடந்த காலம் அது. டி.ஆர்.ஐ. கச்சேரிகளில் இரண்டு கூட்டமும் சேர்ந்தே நின்றன.

மாற்றம் எங்கே நடந்தது என்று கேட்டால், வலது கையில் என்பேன். நானும் கிட்டார் வாசிப்பவன் என்பதால் இதை என் மணிக்கட்டு அறியும். முதல் தட்டின் பாடல்களை வாசிக்கும்போது தந்திகள் திறந்தே இருக்கும். கை மேலும் கீழும் ஓயாமல் வீசிக்கொண்டே போகும். ஒலி ஒரே அலையாகப் பரவும். பின்னால் வந்த பாடல்களுக்கு உள்ளங்கையின் விளிம்பைத் தந்திகள் தொடங்கும் இடத்தில் லேசாக அழுத்திக்கொள்ள வேண்டும். அழுத்தியதும் அந்த அலை துண்டுதுண்டாக உடைகிறது. ஒவ்வொரு அடியும் ஆணி அறைவதுபோல் தனியாக விழுகிறது. வேகம் அதேதான், கனம் கூடிவிடுகிறது. கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் ஒலி செத்துவிடும், கொஞ்சம் தளர்த்தினால் பழையபடி அலையாகிவிடும். இந்த நூலிழையைப் பிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. அதற்குப் பிறகு இந்த மாற்றத்தைச் சரிவு என்று யார் சொன்னாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடிந்ததில்லை.

1985-இல் வந்த ‘டீலிங் வித் இட்!’ தொகுப்பில் வீசும் கை, அழுத்தும் கை இரண்டும் ஒன்றாகக் கேட்கின்றன. டிரம்ஸில் எரிக்கின் இடத்துக்கு ஃபீலிக்ஸ் கிரிஃபின் வந்திருந்தார். 25 பாடல்கள், முதல் தட்டில் இருந்த சிலவற்றையும் புதிதாகப் பதிவுசெய்திருந்தார்கள். பழைய பாடல் ஒன்று கனத்த ஒலியோடு திரும்பி வருவதைக் கேட்கும்போது, தெரிந்த பையன் ஒருவனை வளர்ந்த ஆளாகத் தெருவில் பார்ப்பதுபோல் இருக்கும். எனக்கு இதுதான் அவர்களுடைய உச்சம். 1987-இல் மெட்டல் பிளேட் நிறுவனத்தின் வழியாக வந்த தொகுப்புக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கிராஸ்ஓவர்’. அதில் 12 பாடல்கள்தான். ஒவ்வொன்றும் நின்று, வளைந்து, தாளம் மாறி, மறுபடி பாய்கிறது. அந்தத் தலைப்பே, பங்கும் மெட்டலும் கலந்த ஒரு முழு இசை வகையின் பெயராக நிலைத்துவிட்டது.

இழப்பே இல்லையா? இருக்கிறது. நாற்பது நொடியில் எரிந்து முடியும் பாடலுக்கு ஒரு தூய்மை உண்டு. ஐந்து நிமிடப் பாடலுக்கு அது வாய்க்காது. 1988-இல் ‘ஃபோர் ஆஃப் எ கைண்ட்’, 1989-இல் ‘திராஷ் ஜோன்’ வந்தபோது கை முழுதாகத் தேறிவிட்டது. ஆனால் இந்த இரண்டிலும் அடுத்த நொடி என்ன ஆகுமோ என்ற பதைப்பு எனக்குக் குறைவாகவே வருகிறது. 1992, 1995 தொகுப்புகளை நான் அடிக்கடி எடுப்பதில்லை.

மாறினாலே வளர்ச்சி என்றும் நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் டிஸ்சார்ஜ் குழு 1986-இல் மெட்டல் பக்கம் திரும்பியபோது, பாடகர் தன் உறுமலை விட்டுவிட்டுக் கீச்சுக் குரலில் பாடினார். ரசிகர்கள் மனம் வெறுத்துப்போனார்கள். டி.ஆர்.ஐ. அப்படித் தன் குரலைக் கைவிடவில்லை. கர்ட் கடைசிவரை அதே கர்ட்தான். கோபப்படும் விஷயங்களும் பெரிதாக மாறவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொடுத்ததும் வாங்கியதும் இரு பக்கமும் நடந்தன. ஸ்லேயர் குழு 1986-இல் வெளியிட்ட ‘ரெயின் இன் பிளட்’ முப்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்தச் சிக்கனத்தை மெட்டலுக்குக் கற்றுக்கொடுத்தது ஹார்ட்கோர்தான். பத்து ஆண்டுகள் கழித்து, தங்களுக்குப் பிடித்த பங்க் பாடல்களை ஸ்லேயர் ஒரு தொகுப்பாக வாசித்தபோது அதில் டி.ஆர்.ஐ. பாடலும் இருந்தது.

2006-இல் ஸ்பைக்குக் குடல் புற்றுநோய் என்று தெரிந்து குழு நின்றுபோனது. அவர் தேறி வந்தார். 2016-இல் ஐந்து பாடல்களோடு ஒரு சிறிய தட்டு வந்தது. புதியவற்றோடு, ‘டீலிங் வித் இட்!’ தொகுப்பில் இருந்த ‘கவுச் ஸ்லவுச்’ என்ற பாடலையும் மறுபடி வாசித்திருந்தார்கள். முதலில் 1985-ஆம் ஆண்டு வடிவத்தைக் கேளுங்கள். உடனே 2016 வடிவத்தையும் கேளுங்கள். ஸ்பைக்கின் வலது கையை மட்டும் கவனியுங்கள்.